நீ எழுது மச்சி, நான் கேட்கிறேன்!

‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’, ‘நார்னியா’ ரெண்டு படமும் பார்த்திருப்பீங்க. அந்தக் கதைகளை எழுதிய டோல்கீனும் சி.எஸ். லூயிஸும் ஜிகிரி தோஸ்த் என்று தெரியுமா? 1926-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அறிமுகம். எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவார்கள். லூயிஸ் தந்த ஊக்கம் இல்லாவிட்டால் தன் கதையை முடித்திருக்கவே மாட்டேன் என்று டோல்கீனே பின்னாளில் சொன்னார். இந்த நட்பை ஜான் ஹென்ட்ரிக்ஸ் 2024-இல் ‘தி மித்மேக்கர்ஸ்’ என்று படக்கதையாகவே வரைந்துவிட்டார்.

கூத்தாநல்லூர் மக்களே, நம்ம காவிரிக்கரையிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு! ந. பிச்சமூர்த்தி, கு.ப. ராஜகோபாலன். ‘கும்பகோணம் இரட்டையர்’ என்றே பெயர். மந்திர மோதிரம், பேசும் சிங்கமெல்லாம் கிடையாது; நம்ம வீட்டு மனுஷங்க மனசுதான் கதை. ரெண்டு பேரும் ‘மணிக்கொடி’யில் எழுதினார்கள். யாப்பை உதறிவிட்டுக் கவிதையும் எழுதிப் பார்த்தார்கள்.

கண்புரையால் பார்வை போய் அரசு வேலையை விட்டார் கு.ப.ரா. ஆனாலும் எழுத்தை விடலை; அவர் சொல்லச் சொல்ல, தங்கை சேது அம்மாள் எழுதினார். 1944-இல், 42 வயதில் கு.ப.ரா. மறைந்தார். பிச்சமூர்த்தியோ 1959-இல் பிறந்த ‘எழுத்து’ பத்திரிகையில் புதுக்கவிதையை வளர்த்து, 1976 வரை வாழ்ந்தார்.

இந்த நட்பையும் படக்கதையாக்கினால் எப்படி இருக்கும்? உங்க கிளாஸ்ல நோட்டு ஓரத்துல படம் போடுற ஒருத்தன், யாருக்கும் காட்டாம கதை எழுதுற ஒருத்தி இருப்பாங்களே... முதல்ல அந்த ரெண்டு பேரையும் பேச வைங்க!