பாயிரத்துக்கு எட்டுப் பெயர்

கடன் கேட்க வந்தவர் மழையிலிருந்து ஆரம்பிப்பார். பிறகு பிள்ளைகளின் படிப்பு, அப்புறம் விலைவாசி. நமக்குப் பொறுமை போய், "பீடிகையெல்லாம் வேண்டாம், விஷயத்துக்கு வாங்க" என்று சொல்லிவிடுகிறோம். பீடிகை என்றால் பீடம். சிலை வருவதற்கு முன்னால் பீடம் போட்டுவைப்பது போல, சொல்லப்போவதற்கு இடம் போட்டுவைப்பது. பேச்சில் அது ஏச்சாகிவிட்டது. ஆனால் நூல் விஷயத்தில் தமிழ் இலக்கணம் நேரெதிர்க் கட்சி. ஆயிரம் சிறப்புகளோடு விரிந்து கிடந்தாலும், பாயிரம் இல்லாவிட்டால் அது நூலே இல்லை என்கிறது நன்னூல்.

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கணம் அது. பாயிரத்துக்கு அவர் எட்டுப் பெயர் தருகிறார்: பாயிரம், முகவுரை, நூன்முகம், பதிகம், அணிந்துரை, புனைந்துரை, புறவுரை, தந்துரை. எட்டும் ஒன்றையே குறிப்பவை. பார்க்கும் கோணம்தான் வேறு. நூலுக்கு முகம்போல முன்னால் நிற்பதால் முகவுரை, நூன்முகம். நூலை அலங்கரிப்பதால் அணிந்துரை, புனைந்துரை. நூலுக்குப் புறத்தே உள்ளதைப் பேசுவதால் புறவுரை. நூலில் இல்லாததை வெளியிலிருந்து கொண்டுவந்து தருவதால் தந்துரை.

இந்த எட்டில் இன்றைய அச்சகம் வரை வந்து சேர்ந்தவை சிலதான். வந்தவையும் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டன. மூத்த எழுத்தாளரோ பேராசிரியரோ எழுதினால் அணிந்துரை. பெரிய மனிதர் ஒருவர் புத்தகத்தைப் படித்தும் படிக்காமலும் ஒரு பக்கம் எழுதித் தந்தால் வாழ்த்துரை. பதிப்பாளர் எழுதினால் பதிப்புரை, நூலாசிரியரே எழுதினால் என்னுரை. யார் எழுதினாலும் பொருந்துகிற பொதுச்சொல்லாக முன்னுரை நிற்கிறது. பள்ளிக்கூடக் கட்டுரையின் முதல் பத்திக்கும் அதே பெயர். பழைய எட்டில் 'முன்னுரை' இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பிரிவினை புதிதானாலும், அதற்கு அடிப்படையான கேள்வி பழையது: யார் எழுதுவது? நன்னூல் நாலு பேருக்கு அனுமதி தருகிறது. நூலாசிரியரின் ஆசிரியர், அவரோடு கூடப் படித்தவர், அவருடைய மாணவர், நூலுக்குத் தகுதியான உரை எழுதியவர். நூலாசிரியருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. எவ்வளவு அரிய நூல் செய்திருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதுதான் காரணம். தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரத்தைப் பனம்பாரனார் எழுதினார். அவர் தொல்காப்பியரோடு கூடப் படித்தவர் என்பது மரபு. வடவேங்கடம் முதல் தென்குமரி வரை என்ற எல்லையும், பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசானுக்கு முன்னால் நூல் அரங்கேறிய செய்தியும் நமக்குக் கிடைப்பது அந்தப் பாயிரத்திலிருந்துதான். நூலுக்குள் தேடினால் இவை அகப்படா.

சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியலே உண்டு. ஆசிரியர் பெயர், எந்த நூலின் வழியில் வந்தது, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, பொருள், யார் கேட்க வேண்டியது, கேட்டால் என்ன பயன் என எட்டு. காலம், அரங்கேறிய களம், எழுதிய காரணம் என்ற மூன்றையும் சேர்த்தால் பதினொன்று. இன்றைய புத்தகத்தில் உள்ளட்டை, பதிப்புப் பக்கம், பின்னட்டை என்று சிதறிக் கிடப்பதெல்லாம் அன்று ஒரே பாட்டில் இருந்தது. அது தெரியாமல் நூலுக்குள் நுழைகிறவரைக் குன்றில் முட்டிக்கொண்ட குருவிக்கும், குறிச்சிக்குள் வழிதவறிப் புகுந்த மானுக்கும் ஒப்பிட்டார்கள் பழைய உரையாசிரியர்கள்.

தற்புகழ்ச்சித் தடைக்கு நன்னூலே சில விலக்கு தருகிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவில், சபையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி இழித்துப் பேசும்போது தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். இன்றைய என்னுரைகள் பலவற்றுக்கு இரண்டாவது விலக்கு ஒன்றே போதும். காவியப் புலவர்கள் தங்கள் வாயால் பேச வேண்டியபோது தேர்ந்துகொண்டது எதிர்வழி: அவையடக்கம். பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனை என்று கம்பர் தன்னைச் சொல்லிக்கொள்வது அந்த வகை.

எட்டுப் பெயர்களில் குழப்பம் தருவது பதிகம். சிலப்பதிகாரத்துக்கும் மணிமேகலைக்கும் அது முன்னால் நிற்கிறது. பதிற்றுப்பத்திலோ ஒவ்வொரு பத்துக்கும் கடைசியில் வருகிறது. பாடியவர் யார், எந்தச் சேரனைப் பாடினார், என்ன பரிசு பெற்றார் என்று சொல்கிறது. இடம் பின்னால், வேலை பாயிரத்தின் வேலை. தேவாரத்தில் பதிகம் என்றால் பத்துப் பதினொரு பாட்டுகளின் தொகுதி. அங்கே அதுதான் நூலே.

முன்னால் நிற்பது நூலின் பகுதியா, வெறும் வாசலா? முகவுரை என்ற சொல்லை நாம் இன்று அதிகம் கேட்பது அரசியலமைப்புச் சட்டத்தோடு சேர்த்துத்தான், அங்கே இந்தச் சந்தேகம் நீதிமன்றம் வரை போனது. முகவுரை சட்டத்தின் பகுதி இல்லை என்று 1960-இல் பெருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் பகுதிதான் என்று மாற்றிச் சொன்னது. மூன்று ஆண்டுகள் கழித்து, 42-ஆவது திருத்தத்தில் அந்த முகவுரையிலேயே புதுச் சொற்கள் ஏறின. இத்தனைக்கும் அரசியல் நிர்ணய சபை மற்றப் பிரிவுகளை முடித்த பிறகு, 1949 அக்டோபரில்தான் முகவுரையை எடுத்துக்கொண்டது. புத்தகம் எழுதுகிறவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. முதல் பக்கத்தைக் கடைசியில் எழுதுவதுதான் அவர்கள் வழக்கமும்.