நடைபாதையில் எடுத்த கணக்கு

1985 ஜூலையில் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிழைப்பு நடத்தும் உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. பம்பாய் நடைபாதைவாசிகளுக்கு அது பெரிய சொல். ஆனால் மழைக்காலம் முடிந்து, அக்டோபர் 31 கழிந்ததும் அவர்களுடைய குடிசைகளை அகற்றத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

அகற்றப்படப்போவது எத்தனை குடும்பம்? அரசிடம் அந்தக் கணக்கு இல்லை. 1976-இல் மகாராஷ்டிர அரசு குடிசைப் பகுதிகளைக் கணக்கெடுத்து, புகைப்படம் ஒட்டிய அட்டை கொடுத்திருந்தது. நடைபாதையில் இருந்தவர்களில் பெரும்பாலோரை அதில் சேர்க்கவில்லை. இருபது வருடமாக ஒரே இடத்தில் சமைத்து, பிள்ளை பெற்று வளர்த்தவர்கள்கூட அரசின் காகிதத்தில் எங்கும் கிடையாது.

அப்போதுதான், 1984-இல் தொடங்கப்பட்டிருந்த ஸ்பார்க் என்ற அமைப்பு நடைபாதைக் குடும்பங்களோடு சேர்ந்து தெருத்தெருவாகக் கணக்கெடுத்தது. பைகல்லா வட்டாரத்திலும் முக்கியச் சாலைகள் சிலவற்றிலும் ஏறத்தாழ 6,000 குடும்பங்கள், 27,000 பேர். வந்த விவரங்கள் நகரத்தின் பேச்சை அடியோடு மறுத்தன. இவர்கள் நேற்று வந்து இறங்கியவர்கள் அல்ல. பலர் நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களிலிருந்து வந்து வருடக்கணக்காக உழைப்பவர்கள். வேலைக்கு நடந்தே போய்விடலாம் என்பதற்காகத்தான் நடைபாதையில் தங்கியவர்கள். 'நாங்கள், கண்ணுக்குத் தெரியாதவர்கள்' என்ற பொருளில் அந்த அறிக்கைக்குத் தலைப்பு வைத்தார்கள்.

அந்தக் குடும்பங்களின் பெண்கள் கொஞ்ச நாளில் மகிளா மிலன் என்ற பெயரில் சேமிப்புக் குழுக்களாகத் திரண்டார்கள். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை. அதற்குள் வண்ணக் காகிதத் துண்டுகள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தொகை. பையைத் திறந்து பார்த்தால் தன் பணம் எவ்வளவு என்று யாரையும் கேட்காமல் அவளே சொல்லிவிடுவாள். வளர்ச்சித் துறையில் இன்று 'தரவு அறிவு' என்று பயிற்சி நடத்துகிறார்களே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் பார்த்ததில்லை. எழுத்துத் தெரியாதது அவர்களுக்குத் தடையாகவில்லை. கணக்கு அவர்கள் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

இவர்களோடு இணைந்து நின்றவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். பம்பாயில் அவர் வாழ்ந்த ஜனதா காலனி 1976-இல் இடிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1974-இல், தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பைக் கட்டத் தொடங்கியிருந்தார். அடிபட்டு வளர்ந்த அனுபவம் அவருடையது. குடிசைக்கு எண் போடுவது, தெருவை வரைவது, வீடுவீடாக விவரம் கேட்பது, எழுதியதைத் திரும்ப அதே தெருவில் படித்துக் காட்டித் திருத்துவது என்று ஒரு கணக்கெடுப்பு முறையே அவர்கள் கையில் உருவானது. 1989-இல் ரயில் பாதையோரக் குடிசைகளை இப்படிக் கணக்கெடுத்தபோது 18,000 குடும்பங்கள் தேறின. 2000-இல் ரயில்வே நிர்வாகம் ஒரு பகுதியை இடிக்கத்தான் செய்தது. இருந்தும் உலக வங்கிக் கடனில் மும்பை ரயில் திட்டம் வந்தபோது, சுமார் 60,000 பேர் இந்தக் கணக்கின் அடிப்படையில் மாற்று இடங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். யார் எந்தக் குடிசையில் இருந்தார் என்று அதிகாரிகளுக்கே மகிளா மிலன் பெண்கள்தான் காட்ட வேண்டியிருந்தது.

இந்த முறை பம்பாயோடு நிற்கவில்லை. 1991-இல் ஜோக்கின் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். 1996-இல் பல நாட்டுக் குடிசைவாசிகள் சேர்ந்த சர்வதேச அமைப்பு உருவானது. நமீபியாவில் 2007 முதல் பட்டா இல்லாத குடியிருப்புகளை நாடு முழுவதும் அங்கே வசிப்பவர்களே கணக்கெடுத்தார்கள். ஒடிசாவின் கட்டாக்கில் மகிளா மிலன் பெண்கள் ஜிபிஎஸ் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கள் குடியிருப்பின் எல்லையைச் சுற்றி நடந்தார்கள். மாநகராட்சியின் வரைபடத்தில் அவர்கள் நடந்த கோடு ஏறியது.

இன்றைக்கு நிலைமை வேறு. 2014-இல் ஐக்கிய நாடுகள் சபைக்காக எழுதப்பட்ட அறிக்கை ஒன்று 'தரவுப் புரட்சி' என்று பேசியது. அடுத்த ஆண்டு 'யாரையும் விட்டுவிடாமல்' என்ற உறுதியோடு 17 வளர்ச்சி இலக்குகள் வந்தன. இப்போது கணக்கெடுக்க டேப்லெட்டோடு இளைஞர் வருகிறார், ஐம்பது கேள்வி கேட்கிறார், வாசலைப் படம் எடுக்கிறார், பொத்தானை அழுத்துகிறார். மாலைக்குள் விவரமெல்லாம் வேறொரு நகரத்து சர்வருக்குப் போய்விடுகிறது. அங்கே அழகான வண்ண வரைபடமாகிறது. பதில் சொன்ன வீட்டுக்கு மட்டும் அது திரும்பி வருவதில்லை. பெயர் தவறாக ஏறியிருந்தாலும், மூன்று பிள்ளையில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும், அந்தத் தாய்க்குத் தெரியவே போவதில்லை.

கருவியின் மேல் எனக்கு வருத்தமில்லை. கட்டாக்கில் அதே கருவிதான் உதவியது. காகிதத்தில் மாதக்கணக்கில் கூட்டிக் கழித்ததை இன்று நொடியில் பார்க்க முடிகிறது, அது நல்லதுதான். ஆனால் வேகம் கூடிய இடத்தில் முதலில் உதிர்ந்தது, படித்துக் காட்டித் திருத்தும் அந்தத் தெருக் கூட்டம். திட்ட அறிக்கைகளில் அதற்கு நாள் ஒதுக்குவதில்லை, பணமும் ஒதுக்குவதில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான படியாகத் தெரிகிறது. தன் தெருவின் விவரத்தைப் பத்துப் பேர் நடுவில் கேட்டு "இல்லை, அங்கே இன்னொரு வீடு இருக்கிறது" என்று சொன்ன பெண்தான் அடுத்த மாதம் வார்டு அலுவலகத்தில் தயங்காமல் பேசினாள்.

இந்தியாவின் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. முதல்முறையாக டிஜிட்டல் முறையில் நடக்கும். விருப்பப்பட்டவர்கள் தாங்களே இணையத்தில் விவரம் பதியலாம். வீடில்லாதவர்களை 2011-இல் பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் எண்ணினார்கள். ஓர் இரவில் வேறெங்கோ ஒதுங்கிய குடும்பம் விட்டுப்போனால் பத்து வருடத்துக்கு மேல் விட்டுப்போனதுதான். இந்த முறை அந்த இரவுக்கு முன்பே ஒவ்வொரு நகரத்திலும் நடைபாதைவாசிகளின் குழுக்களை அழைத்து, யார் எங்கே படுக்கிறார்கள் என்று அவர்களைக் கொண்டே குறித்து வைக்கலாம். எண்ணி முடித்ததும் அந்தந்தத் தெருவின் மொத்தத்தை அங்கேயே படித்துக் காட்டலாம். பைகல்லாப் பெண்கள் கணினி இல்லாமலே செய்த வேலை இது.