கசபிளாங்காத் திரைப்படத்திற் பல்லினத்தார்

போர்க்காலத்தில் எழுந்த காதற் படங்களுள் இன்றும் பலராற் போற்றப்படுவது, வோணர் சகோதரர் நிறுவனம் 1942 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கசபிளாங்கா’ ஆகும். மொறொக்கோவின் துறைமுக நகரொன்றில் மதுச்சாலை நடத்தும் றிக் என்னும் அமெரிக்கன், முன்பு பரிசில் தான் காதலித்த இல்சாவை மீண்டும் காண்கின்றான். அவளோ நாசிகளை எதிர்த்து நிற்கும் லாஸ்லோ என்பானின் மனைவி. ஈற்றில் றிக் அவளைக் கணவனுடனேயே விமானமேற்றி அனுப்பிவிடுகின்றான். கதை இவ்வளவே. ஆயின் அக்கதையைச் சூழ்ந்து நிற்கும் மாந்தர் யாவர், அவருள் எவருக்குப் பேச வாய்த்தது என்பன ஆராயத்தக்கன.

படத்தின் முகப்பிற் பெயர் காட்டப்பட்ட நடிகர் பதினால்வர். அவருள் ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்தோர் மூவரே. நெறியாளர் மைக்கல் கேர்ட்டிஸ் புடாபெஸ்ற் நகரிற் பிறந்தவர். உணவு பரிமாறும் கார்லாக நடித்த சகாலும் அந்நகரத்தவரே. அவர்தம் சகோதரிகள் நாசிகளின் வதைமுகாமில் மாண்டனர். சூதாட்ட மேசையில் நிற்கும் எமிலாகத் தோன்றிய மார்செல் டலியோ பிரான்சிற் புகழ்பெற்ற நடிகர். யூதரின் முகம் இத்தகையது என இழித்துக் காட்டுதற்கு நாசிகள் அவர் படத்தையே சுவரொட்டிகளில் அச்சிட்டனர். அவரும் அவர் மனைவி மடலின் லெபோவும் 1940 இற் பரிசை விட்டோடி, லிஸ்பனிற் கப்பலேறினர். அவர்கள் பெற்றிருந்த சிலி நாட்டு விசாக்கள் போலியானவை என்பது மெக்சிக்கோவை அடைந்தபோதே வெளிப்பட்டது. லிஸ்பனுக்குச் செல்லும் அனுமதிப் பத்திரங்களைச் சுற்றியே படத்தின் கதையும் சுழல்கின்றது. பிரான்சிய நாட்டுப் பண் பாடப்படும் காட்சியிற் கண்ணீர் வடிக்கும் இவோன் அம்மடலினே. அது நடிப்பு மாத்திரமன்று எனக் கொள்ளுதல் தகும்.

நாசி அதிகாரி ஸ்ட்ராசராக வரும் கொன்றாட் வைட் யூதப் பெண்ணை மணந்து, 1933 இல் ஜேர்மனியை விட்டு வெளியேறியவர். தம்மைத் துரத்தியோரின் சீருடையை அணிந்தே அவர் பிழைக்க வேண்டியிருந்தது. இத்துணை யூதர் நடித்த படத்தில் ‘யூதர்’ என்னும் சொல் ஒருமுறையேனும் ஒலிக்கவில்லை. படநிறுவனத்தை நடத்திய சகோதரரும் யூதரே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, பியானோ வாசிக்கும் சாம். இப்பாத்திரத்தை ஏற்ற டூலி வில்சன் கறுப்பின அமெரிக்கர். உண்மையில் மேளக் கலைஞர், பியானோ வாசிக்க அறியார். அக்காலத்து அமெரிக்கப் படங்களிற் கறுப்பினத்தவர் பெரும்பாலும் வேலையாளராகவோ நகைப்புக்குரியோராகவோ காட்டப்பட்டனர். சாம் அவ்வாறில்லை. றிக்கின் துயரம் அறிந்த ஒரே நண்பன் அவன். சாலையின் இலாபத்திலும் அவனுக்குப் பங்குண்டு. அவனை விலைக்குக் கேட்கும் பெராரிக்கு, மனிதரை வாங்குவதும் விற்பதும் தன் தொழிலன்று என்கின்றான் றிக். அமெரிக்கப் படையிற் கறுப்பரும் வெள்ளையரும் பிரித்து வைக்கப்பட்டிருந்த காலம் அது. அப்பிரிவினையை நீக்கும் ஆணை 1948 இலேயே பிறந்தது என்பதை நோக்க, இஃது சிறிய செய்தியன்று.

எனினும், இருபத்தேழு வயதும் நிரம்பாத பேர்க்மன் ஏற்ற இல்சா, ஐம்பதைக் கடந்த வில்சனைப் ‘பையன்’ எனச் சுட்டுகின்றாள். சாமுக்கு ஊருமில்லை, உறவுமில்லை, தனக்கெனக் காதலுமில்லை. பிறர் காதலுக்கு இசை வழங்குவதே அவன் கடன். பாதி வழி வந்து நின்ற மதிப்பு என்றே இதனைக் கூறல் வேண்டும்.

சாமுக்குக் கிடைத்த பாதியும் மொறொக்கோ மக்களுக்குக் கிடைத்திலது. 1912 முதல் 1956 வரை அந்நாடு பிரான்சின் பாதுகாப்பாட்சியில் இருந்தது. படத்தில் அந்நாட்டார் சந்தை விற்பனையாளராகவும் வீதியிற் செல்வோராகவும் தோன்றி மறைகின்றனர். வாயில் காக்கும் அப்துலாக நடித்தவர் சிக்காகோவிற் பிறந்த டான் செய்மூர். துணி வியாபாரியாக வருபவர் இத்தாலியர். படம் கலிபோர்ணியாவில் எடுக்கப்பட்டமையால் வேறு வழியில்லை எனச் சிலர் அமைதி கூறலாம். ஆயின் உரையாடலை எழுதுதற்கு மொறொக்கோ செல்ல வேண்டியதில்லை. விடுதலைப் பண் முழங்கும் அச்சாலையில், அப்பண்ணுக்குரிய பிரான்சின் ஆட்சிக்குத் தாமே உட்பட்டிருந்தோர் அதனை எவ்வாறு கேட்டனர் என்பதைப் படம் வினவவில்லை. 1942 நவம்பர் 8 ஆம் நாள் நேசநாட்டுப் படைகள் மொறொக்கோவில் இறங்கின. அம்மாதமே நியூயோர்க்கிற் படம் முதன்முறை காட்டப்பட்டது. நகரின் பெயர் எங்கும் பேசப்பட்டது. நகரத்தாருக்கு விடுதலை கிடைக்க மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின.