டைட்டேனியமும் ஃபுளோரைடும்

பற்களை நேராக்கும் பொருட்டுச் சிறுவர் சிறுமியர் கம்பி கட்டிக்கொள்ளும் வழக்கம் இன்று நம் குடும்பங்களிலும் பரவியிருக்கிறது. பல் இழந்த பெரியோர் சிலர் தாடை எலும்பில் திருகு பொருத்திச் செயற்கைப் பல் வைத்துக்கொள்கின்றனர். அத்திருகுகள் பெரும்பாலும் டைட்டேனியத்தால் ஆனவை. கம்பிகளில் எஃகினால் ஆனவையும் உண்டு. டைட்டேனியக் கலப்பு உலோகத்தால் ஆனவையும் உண்டு. எதற்கும் அரிபடாதது எனப் பெயர் பெற்ற இவ்வுலோகத்திற்கும் ஒரு பகை உண்டு. பற்சொத்தையைத் தடுக்க நாம் பயன்படுத்தும் ஃபுளோரைடே அப்பகை.

டைட்டேனியத்தை 1791-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகர் என்னும் பாதிரியார் கரிய மணலில் கண்டறிந்தார். 1795-இல் ஜெர்மானிய வேதியியலார் கிளாப்ரோத் கிரேக்கப் புராணத்து டைட்டன்களின் பெயரை இதற்குச் சூட்டினார். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் உள்ள இல்மனைட்டு இதன் தாதுவே.

உண்மையில் டைட்டேனியம் எளிதில் வினைபுரியும் உலோகமாகும். காற்றுப் பட்டவுடன் ஆக்சிஜனோடு கூடித் தன்மேல் ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றுள் சில கூறுகளே அப்படலத்தின் கனம். எனினும் கடல்நீரும் அதனை ஊடுருவ இயலாது. உலோகத்தின் வலிமை முழுவதும் இப்போர்வையைச் சார்ந்தது.

ஃபுளோரைடு இப்போர்வையைக் கரைக்க வல்லது. அதனோடு அமிலமும் சேர்ந்தால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகிறது, அதுவே கொடியது. போர்வை இழந்த உலோகம் அமிலத்தோடு வினைபுரிய, ஹைட்ரஜன் பிறக்கிறது. அதில் ஒரு பகுதி வெளியேறாமல் உலோகத்தினுள்ளேயே புகுந்து தங்குகிறது. மிகுதியாகப் புகுந்தால் வளைந்து கொடுத்த கம்பி நொறுங்குந் தன்மை அடைகிறது. இழுவிசையில் நிற்கும் கம்பி, தான் தாங்கவேண்டிய சுமைக்குக் குறைந்த சுமையிலேயே சில காலங்கழித்து முறிகிறது. பற்கம்பிகளை அமிலம் கலந்த ஃபுளோரைடுக் கரைசலில் இட்டு ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர்கள் 2003-ஆம் ஆண்டை ஒட்டி இதனை எடுத்துக்காட்டினர்.

அங்ஙனமாயின் நாம் அஞ்ச வேண்டுமா? அளவை நோக்குவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும், நம்மவர் குடியேறி வாழும் ராஜஸ்தானம் முதலிய இடங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்துள்ளது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடையாவிடில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதனை மிஞ்சிய நீர் பல்லுக்கும் எலும்புக்கும் கேடு; ஆயினும் அமிலமற்ற அந்நீரால் கம்பிக்குக் கேடில்லை. பற்பசையில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 1,000 பங்கு ஃபுளோரைடு உண்டு. ஆனால் அது வாயில் நிற்பது இரண்டொரு நிமிடமே. மருத்துவர் பற்களில் பூசும் அமில ஃபுளோரைடுக் களிம்பிலோ 12,000 பங்குக்கு மேல் உண்டு. அதன் புளிப்பும் மிகுதி. ஆராய்ச்சிக் கூடத்தில் கம்பியைக் கெடுத்தது இவ்வகைக் கரைசலே. அங்கே கம்பி நெடுநேரம் ஊறியது என்பதையும் மறத்தல் ஆகாது.

ஆகவே ஃபுளோரைடுப் பற்பசையைக் கைவிடுதல் கூடாது. கம்பி கட்டிய பற்களில் உணவு தங்கிச் சொத்தை விரைவில் பற்றும். ஃபுளோரைடு நீரால் வாய் கொப்பளித்த உடனே எலுமிச்சைச் சாறோ சோடாப் பானமோ அருந்தாதிருத்தல் நலம். களிம்பு பூச முற்படும் மருத்துவரிடம் கம்பி அல்லது திருகு இருப்பதைத் தெரிவித்தால் அவர் அமிலமற்ற களிம்பைத் தேர்ந்துகொள்வார்.

உத்தியோக மாற்றலால் ஊர்விட்டு ஊர் செல்லும் நம் குடும்பங்கள் இதில் தனிக் கவனம் கொள்ளவேண்டும். பற்கம்பிச் சிகிச்சை ஓராண்டுக்கு மேலும் நீடிப்பது. ஓரூரில் தொடங்கி மற்றோரூரில் முடியும்போது, பொருத்திய கம்பி எவ்வகையது என்னும் குறிப்பை எழுதி வாங்கிச் செல்லுதல் நன்று.

கம்பி முறிந்தால் முறுக்கும் சீடையும் கடித்ததே காரணம் என்று குழந்தையைக் கடிந்துகொள்கிறோம். பல வேளைகளில் அது மெய்யே. எனினும் கடிந்துகொள்ளுமுன், அண்மையில் வாயில் என்ன பூசப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்த்து மருத்துவரிடம் கூறுவோமாக.