15 வினாடியிலிருந்து 13.5-க்கு
ஓடும் உடல் – 7

காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் பேசினால் இரண்டு எண்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும்: 15, 13.5. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் உடல்திறன் போட்டியில், 100 மீட்டரைத் தேர்ந்தெடுக்கும் ஆண்கள் 15 வினாடிக்குள் ஓடினால் ஒரு ஸ்டார். 13.5 வினாடிக்குள் என்றால் இரண்டு ஸ்டார். பெண்களுக்கு இந்த எண்கள் 17.5, 15.5. எழுத்துத் தேர்வில் ஒரே மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கானோர் நிற்கும்போது, அந்த ஒரு ஸ்டாரில் ஒரு குடும்பத்தின் நிலைமையே மாறிவிடும்.

ஒன்றரை வினாடி என்றால் கண்ணிமைக்கும் நேரம் என்று தோன்றும். மைதானத்தில் அது 10 மீட்டர். 13.5-இல் ஓடுபவர் கோட்டைத் தொடும்போது, 15-இல் ஓடுபவர் 90 மீட்டர் குறியருகே வந்துகொண்டிருப்பார். இந்த 10 மீட்டரைப் பயிற்சியால் பிடிக்க முடியுமா? நெடுந்தூர ஓட்டத்தில் இதயமும் நுரையீரலும் எப்படிப் பழகுகின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். வேகத்தின் கணக்கே வேறு.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 15 வினாடியில் ஓடும் இருபது வயது இளைஞர், உடம்பில் பெரிய கோளாறு இல்லாதவர், ஓராண்டு முறையாகப் பழகினால் 13.5-ஐத் தொடுவது பெரும்பாலும் நடக்கக்கூடிய காரியம். அவர்களில் சிலர் 12.5-க்கும் வருவார்கள். 11-க்குக் கீழே போவது வேறு உலகம். 2025 ஜூலையில் கிரீஸில் அனிமேஷ் குஜூர் ஓடிய 10.18 வினாடி அன்றைய இந்தியச் சாதனை. தெற்காசியாவிலேயே 10 வினாடிக்குக் கீழே முதலில் ஓடியவர் இலங்கையின் யுபுன் அபேகோன். 2022-இல் சுவிட்சர்லாந்தில் 9.96. அந்த இடத்துக்குப் போகிறவர்கள் பயிற்சி தொடங்கும் முன்பே பள்ளியில், ஊரில் எல்லாரையும் முந்தியவர்களாக இருந்திருக்கிறார்கள். ஒலிம்பிக் தங்கம் வென்ற வேக ஓட்டக்காரர்களின் வாழ்க்கை வரலாறுகளை அலசி லம்பார்டோ, டீனர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் காட்டியது. ஆனால் நம் கேள்வி தங்கப் பதக்கம் பற்றியது அல்ல. 15-இல் நிற்பவரைப் பற்றியது. அவருக்கு நல்ல செய்தி உண்டு: அவர் இன்னும் வேகமாக ஓடக் கற்றுக்கொள்ளவே தொடங்கவில்லை.

100 மீட்டரைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் உசேன் போல்ட் 9.58 வினாடியில் ஓடினாரே, அதில் முதல் 10 மீட்டருக்கு மட்டும் 1.89 வினாடி ஆனது. 60-லிருந்து 80 வரையிலான 20 மீட்டரை 1.61 வினாடியில் கடந்தார். மணிக்கு 44 கிலோமீட்டருக்கும் மேல். உலகின் மிக வேகமான மனிதருக்கே உச்ச வேகத்தைத் தொட 60 மீட்டர் தேவைப்பட்டது. அதற்குப் பிறகு அவரும் மெல்லத் தளர்ந்தார். பழகாதவர் 30, 40 மீட்டரிலேயே தன் உச்சத்தைத் தொட்டுவிடுகிறார். அந்த உச்சமும் தாழ்வானது. மீதி 60 மீட்டரும் வேகம் குறைந்துகொண்டே வரும் ஓட்டம்தான். பல்லைக் கடித்து, தோளை இறுக்கி, கழுத்து நரம்பு புடைக்க ஓடுவது அந்தக் குறைவை இன்னும் கூட்டுகிறது.

வேகமாக ஓட என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், காலை வேகமாக வீச வேண்டும் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். 2000-ஆம் ஆண்டு பீட்டர் வேயண்டும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்தது. 33 பேரை டிரெட்மில்லில் அவரவர் உச்ச வேகத்தில் ஓடவிட்டார்கள். மெதுவானவரின் உச்சம் வினாடிக்கு 6.2 மீட்டர், வேகமானவருக்கு 11.1. இவ்வளவு வித்தியாசம் இருந்தும், தரையை விட்ட கால் காற்றில் சுழன்று மறுபடி முன்னால் வந்து சேர எடுத்த நேரம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபட்டது தரையில் கொடுத்த அழுத்தம். உடல் எடையோடு ஒப்பிட்டால், மிக வேகமானவர் மிக மெதுவானவரைவிட 1.26 மடங்கு விசையைத் தரைக்குக் கொடுத்தார். அதையும் சுமார் பத்தில் ஒரு வினாடிக்குள் கொடுத்தார். பாதம் தரையைத் தொடும் நேரம் அவ்வளவுதான்.

இதைப் படித்த பிறகு மைதானத்தில் போய்ப் பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரியும். மெதுவாக ஓடுபவரின் பாதம் உடலுக்கு வெகு முன்னால் போய் விழுகிறது, குதிகால் ஊன்றுகிறது, முழங்கால் மடங்கி அமுங்குகிறது. காற்றிறங்கிய பந்து தரையில் விழுவதைப் போல விசை அங்கேயே கரைந்துபோகிறது. வேகமாக ஓடுபவரின் கால் உடலுக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே, முன்பாதத்தில், விறைப்பாக இறங்கி உடனே எழும்புகிறது. எட்டை வலிந்து நீட்டச் சொல்லி விரட்டும் பயிற்சி இந்த இடத்தில்தான் கெடுதல் செய்கிறது. விசை கூடினால் எட்டு தானாக நீளும்.

ஆகவே காலில் பலம் வேண்டும். பஸ்கி, எடை தூக்கிப் பஸ்கி, ஒற்றைக்கால் பஸ்கி, இரண்டு காலும் சேர்த்து முன்னால் தாவுவது, படியிலிருந்து குதித்து இறங்கிய வேகத்திலேயே மேலே எழும்புவது – இவையெல்லாம் ஓட்டப் பயிற்சியின் பகுதிதான். முதல் சில வாரங்களில் தசை பெரிதாக வளர்ந்திருக்காது, ஆனாலும் பலம் கூடும். காரணம் நரம்பு. இருக்கும் தசை இழைகளில் அதிகமானவற்றை ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்க மூளை பழகுகிறது. புதிதாகத் தொடங்குபவருக்குச் சீக்கிரம் பலன் தெரிவது இதனால்தான். பிறகு ஒவ்வொரு பத்தில் ஒரு வினாடிக்கும் மாதக்கணக்கில் உழைக்க வேண்டிவரும்.

எனக்கு மனம் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடித்தால்தான் அடுத்த கட்டம் என்பதால், பிள்ளைகள் தினமும் விடியற்காலையில் ரவுண்டு ரவுண்டாக ஓடுகிறார்கள். அது தேவைதான். அதை முடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே, நூறு மீட்டரைப் பத்துத் தடவை ஓடுகிறார்கள். வியர்வை கொட்டுகிறது, கால் கடுக்கிறது, நன்றாக உழைத்தோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போகிறார்கள். மாதம் மூன்றானாலும் நேரம் நகர்வதில்லை. நமக்கு ராசியில்லை என்று முடிவு செய்கிறார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முழு வேகத்தில் ஓடும் முதல் சில வினாடிகளுக்குத் தசை பெரும்பாலும் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டைச் செலவழிக்கிறது. அது கொஞ்சம்தான் இருக்கும். தீர்ந்தால் பெரும்பகுதி மீண்டும் நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். நிரம்பும் முன் மறுபடி ஓடினால் அது முழு வேகம் அல்ல. களைத்த கால், களைத்த காலின் ஓட்டத்தைத்தான் பழகும்.

10 மீட்டர் முழு வேகத்துக்கு ஒரு நிமிட ஓய்வு என்று பயிற்சியாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 30 மீட்டர் ஓடினால் மூன்று நிமிடம் நில், மெல்ல நட, பேசிக்கொண்டிரு. இது சோம்பலாகத் தெரியும். பக்கத்தில் இருப்பவர்கள் கேலி செய்யவும் கூடும். பொருட்படுத்த வேண்டாம். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு, உடம்பு புதிதாக இருக்கும்போது வேகம் பழக வேண்டும். ரவுண்டு ஓடுவதை வேறு நாளுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் வேக ஓட்டத்துக்குப் பிறகு வையுங்கள். முதல் இரண்டு மாதம் முழு 100 மீட்டரை ஓடவே வேண்டாம். நின்ற நிலையிலிருந்து 20, 30 மீட்டர் ஆறு தடவை போதும். முதல் எட்டுகளில் உடம்பு முன்சாய்ந்து, தரையைப் பின்னால் தள்ள வேண்டும். எடுத்தவுடன் தலையைத் தூக்கி நிமிர்ந்துவிடுவது பெரும்பாலோரிடம் இருக்கும் பழக்கம். அதைத் திருத்தினாலே கொஞ்சம் நேரம் மிச்சமாகும்.

முதல் வாரமே முழு வேகத்துக்குப் போகிறவர்கள் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதையும் பார்க்கிறோம். முன்னால் வீசிய கால் தரையில் இறங்கப்போகும் அந்தக் கணத்தில், பின்தொடைத் தசை நீண்ட நிலையிலேயே காலை இழுத்துப் பிடிக்க வேண்டும். பழகாத தசை அங்கேதான் கிழிகிறது. முட்டி போட்டு, கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, உடம்பை மெல்ல மெல்ல முன்னால் சாய்க்கும் பயிற்சி இதற்கு நல்ல காப்பு. முதல் நான்கைந்து வாரம் எண்பது, தொண்ணூறு சதவீத வேகம் போதும். ஒரு தடவை கிழிந்த தசை மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம்; தேர்வுக்கு முந்தைய மாதத்தில் அது நேர்ந்தால் ஒரு வருடம் போச்சு.

மரபணுவைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ஏசிடிஎன்3 என்ற மரபணுவின் ஒரு வகை, வேகத் தசை இழைகளில் ஒரு புரதம் உருவாகாமல் செய்துவிடும். 2003-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், சாதாரண மக்களில் 18 சதவீதம் பேரிடம் அந்தப் புரதம் இல்லை. தேர்ந்த வேக வீரர்களில் 6 சதவீதம் பேரிடம்தான் இல்லை. உச்சியில் நிற்பவர்களைப் பிரிக்கும் வேலையை இது செய்யலாம். 13.5-க்கு இதைப் பரிசோதித்துப் பார்க்கப் பணம் செலவழிப்பது வீண்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓடிப்பிடித்து விளையாடிய பெண் குழந்தை, வயதுக்கு வந்த பிறகு தெருவில் ஓடினால் நம் வீடுகளில் இன்னும் அதட்டுகிறோம். அதனால் இருபது வயதில் கிரவுண்டுக்கு வரும் பெண்களில் பலர் கடைசியாக முழு வேகத்தில் ஓடியது பன்னிரண்டு வயதில். அவர்களின் 18 வினாடியை உடம்பின் எல்லை என்று எடுத்துக்கொள்வது அநியாயம். அது எட்டு வருடம் ஓடாததன் கணக்கு. பழகத் தொடங்கினால் அவர்களுக்குத்தான் முதல் பலன் அதிகமாக இருக்கும். சண்டிகரைச் சேர்ந்த மான் கௌர் 93 வயதில்தான் ஓடவே தொடங்கினார். 2017-இல் ஆக்லாந்தில், 101 வயதில், 100 மீட்டரை 74 வினாடியில் ஓடி முடித்தார். வயது ஏறும்போது ஓட்டத்தில் முதன்மையாகக் குறைவது எட்டின் நீளம், அதாவது தரைக்குக் கொடுக்கும் விசை. நாற்பது, ஐம்பதில் தொடங்குபவர்களும் பலப் பயிற்சியை விடக்கூடாது என்பதற்கு அதுவே காரணம். மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

இனி அளப்பது. 2019-இல் மத்தியப் பிரதேசத்து இளைஞர் ஒருவர் வெறும் காலில் சாலையில் 100 மீட்டரை 11 வினாடியில் ஓடியதாக ஒரு வீடியோ நாடெங்கும் பரவியது. போபாலில் முறையான டிராக்கில் ஓடவிட்டார்கள்; 12.9 வினாடி, கடைசி இடம். ஏமாற்றம் என்று செய்தி போட்டார்கள். எனக்கு அது ஏமாற்றமாகத் தெரியவில்லை. முறையான பயிற்சி இல்லாமல், கேமராக்கள் சூழ, 12.9 ஓடுவது எளிதல்ல. தப்பு அவரை அளந்த விதத்தில் இருந்தது. கை ஸ்டாப்வாட்ச் எப்போதும் ஓடுபவருக்குச் சலுகை காட்டும்; தடகளத்தில் 100 மீட்டர் கைக்கணக்கை மின்னணுக் கணக்கோடு ஒப்பிட 0.24 வினாடி கூட்டும் வழக்கம் உண்டு. எனவே டேப் வைத்துத் தூரத்தை அளந்து, முடிவுக் கோட்டுக்கு நேர் பக்கவாட்டில் ஒருவரைச் செல்போனோடு நிறுத்துங்கள். தொடக்கக் கோட்டில் கை இறங்குவதும், முடிவில் மார்பு கோட்டைக் கடப்பதும் ஒரே வீடியோவில் பதியட்டும். பிறகு காட்சியை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினால் உண்மை நேரம் கிடைக்கும். மாதம் ஒரு தடவை, முந்தின நாள் ஓய்வெடுத்துவிட்டு, அதே இடத்தில், அதே ஷூவில் ஓடிப் பாருங்கள். 13.5-ஐக் குறி வைப்பவர்கள் அந்த வீடியோவில் 13.2 வரும்வரை பயிற்சியை நிறுத்த வேண்டாம். தேர்வு நாளின் படபடப்புக்கு அந்த இடைவெளி வேண்டும்.

அடுத்த வாரம்: நீளம் தாண்டுபவரின் கடைசி மூன்று எட்டுகள்.