ஆனைமங்கலத்து வளையம் உங்கள் போனுக்குள் இருக்கிறது, தெரியுமா?

நாகப்பட்டினம் மாவட்டம், கீழ்வேளூர்ப் பக்கம் ஆனைமங்கலம் என்றொரு ஊர். ஆயிரம் வருஷத்துக்கு முன்பு ராஜராஜ சோழன் அதை நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்குக் கொடுத்தான். மகன் ராஜேந்திரன் அதைச் செப்பேட்டில் ஏற்றினான். மொத்தம் 21 ஏடுகள்! பெண் யானையை நடக்கவிட்டு ஊரெல்லை குறித்த சேதியும் அதில் உண்டு. ஆனால் எனக்குச் சிலிர்ப்பது ஏடுகளைக் கோத்த வளையத்தை நினைத்தால்தான். அதன் இரு முனைகளும் புலி, இரட்டை மீன், வில் பொறித்த முத்திரைக்குள் பற்றவைக்கப்பட்டவை. நடுவில் ஒரு கள்ள ஏட்டைச் செருக வேண்டுமா? வளையத்தை அறுத்தாக வேண்டும். அறுத்தால் தழும்பு காட்டிக்கொடுத்துவிடும்!

இன்று கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டு, பணம் ஏறிவிட்டதா என்று வங்கி ஆப்பைத் தொடுகிறீர்களே, அந்த நொடியில் நடப்பதும் இதுதான். வங்கியின் சர்வர் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. முத்திரை வைத்தவர் யார், அவருக்கு அந்த அதிகாரம் தந்தவர் யார் என்று போன் படிப்படியாக ஏறி, தன்னிடமுள்ள மூலச் சான்றிதழ் வரை போய்ப் பார்க்கிறது. அப்படிப்பட்ட மூலச் சான்றிதழ்கள் ஆண்ட்ராய்டு போனில் நூற்றுக்கும் மேல்! ஓரெழுத்து மாறியிருந்தாலும் முத்திரை பொருந்தாது.

முத்திரை வைப்பவரே ஏமாந்தால்? ஆனைமங்கலச் செப்பேடு நெடுங்காலம் இருந்தது நெதர்லாந்தின் லெய்டனில். அதே நாட்டில் 2011இல் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் திருடர்கள் புகுந்து, கூகுள் பெயரிலேயே போலிச் சான்றிதழ் அடித்துக்கொண்டார்கள். ஈரானில் ஜிமெயில் பார்த்தவர்கள் வேவு பார்க்கப்பட்டார்கள். பிரவுசர்கள் அந்த நிறுவனத்தைத் தள்ளிவைத்தன. அந்த ஆண்டே அது திவால்!

அதனால் இதை இன்றே பாருங்கள். போன் அமைப்புகளில், பாதுகாப்புப் பகுதிக்குள், நம்பகச் சான்றிதழ்ப் பட்டியல் இருக்கும். அதில் ‘பயனர்’ என்ற பக்கம் பொதுவாகக் காலியாக இருக்க வேண்டும். நீங்களோ உங்கள் அலுவலகமோ ஏற்றாத சான்றிதழ் அங்கே இருந்தால் உடனே நீக்குங்கள். கடன் தருகிறேன், மானியம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி எவர் ஏற்றச் சொன்னாலும் ஏற்றாதீர்கள்.

இந்த முத்திரையை வைக்கும் சாவி இன்னும் பெரிய அதிசயம். அரசனின் முத்திரை அச்சு அரண்மனையிலேயே இருக்கும், பதிவு மட்டும்தான் ஊர் ஊராகப் போகும் அல்லவா? இப்போதைய போன்களில் ரகசியச் சாவி சில்லுக்குள்ளேயே பிறந்து, வெளியே வராமலேயே கையெழுத்துப் போடுகிறது! வாட்ஸப்பிலும் புதுப் போனுக்குப் புதுச் சாவிதான். சிங்கப்பூரிலிருக்கும் அண்ணனின் பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது என்று செய்தி வருவது அதனால்தான். ஒருமுறை அழைத்து, அந்த 60 இலக்கங்களையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிடுங்கள். குரல் அண்ணனுடையதுதானா என்று உங்கள் காது சொல்லும்.

சோழர் சாசனங்கள் சந்திர சூரியர் உள்ளவரை செல்லும் என்று எழுதப்பட்டவை. இணையதளச் சான்றிதழின் ஆயுள் 2029 மார்ச் முதல் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 47 நாள்! சாவி களவு போனாலும், விதைவிட்ட குறுவை கதிர் தள்ளுவதற்குள் அந்தச் சான்றிதழ் செல்லாமல் போய்விடும்.