புகையிலைச் சம்பந்தம் உண்டா?

உலக சுகாதார நிறுவனத்துக்கு எதையாவது விற்க நினைக்கும் கம்பெனி, விலைப்பட்டியலோடு இன்னொரு தாளையும் நிரப்பிக் கொடுக்க வேண்டி வரலாம். புகையிலைத் தொழிலோடோ ஆயுதத் தொழிலோடோ உங்களுக்குத் தொடர்பு உண்டா என்று கேட்கிற தாள் அது. கோயம்புத்தூர்க்காரர் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். திண்டுக்கல்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காரணம் இந்த மண். வெள்ளைக்காரன் காலத்தில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டு செய்த ஊர் இது. வேடசந்தூரில் 1948-ல் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. உவர்த் தண்ணீர்க் கிணறுகளை நம்பி இங்கே விளைந்தது பெரும்பாலும் வாயில் போட்டு மெல்லும் புகையிலை. அந்த வியாபாரத்தில் சேர்ந்த பணம் பிறகு நூல் மில்லாகவும், பஸ் கம்பெனியாகவும், நிலமாகவும் உருமாறியது. ஒரு குடும்பத்தில் அண்ணன் பெயரில் புகையிலைக் கிட்டங்கி, தம்பி பெயரில் மில், மருமகன் பெயரில் ஆஸ்பத்திரித் துணி தைக்கும் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மருமகன் அந்தத் தாளில் என்ன எழுதுவார்?

அந்த நிறுவனத்துக்காக ஜெனீவாவில் உட்கார்ந்திருக்கும் வணிக வழக்கறிஞரின் வேலை இப்படிப்பட்ட இடத்தில்தான் தொடங்குகிறது. உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதற்கு ஓராண்டு முன்பே, 2004-லேயே ஏற்பு தந்துவிட்டது. 'புகையிலைத் தொழில்' என்று அந்த உடன்படிக்கை வரையறுப்பது உற்பத்தியாளர், மொத்த விநியோகஸ்தர், இறக்குமதியாளர் ஆகியோரை. குஜிலியம்பாறைப் பக்கம் ரெண்டு ஏக்கரில் நாற்று நட்ட சம்சாரி அதில் வரமாட்டார். இலையைப் பதப்படுத்திப் பொட்டலம் போட்டு விற்பவர் வருவார். அண்ணனின் பங்கு மருமகன் கம்பெனியில் இருக்கிறதா, முடிவு எடுக்கும் அதிகாரம் யாரிடம், வெறும் உறவு மட்டுமா என்று பிரித்துப் பார்த்துக் கோடு கிழிக்க வேண்டும். கோடு தளர்ந்தால் நிறுவனத்தின் பெயர் கெடும். இறுகினால் ஒழுங்கான சப்ளையர் ஒருவரை இழக்க நேரும்.

பொது சுகாதாரம் என்றதும் நமக்கு டாக்டர், நர்ஸ், தடுப்பூசி பிரிட்ஜ் எல்லாம் ஞாபகம் வரும். வக்கீல் வரமாட்டார். ஆனால் யூனிசெஃப்பின் கோபன்ஹேகன் கொள்முதல் பிரிவு, ஜெனீவாவின் குளோபல் ஃபண்ட், காவி தடுப்பூசிக் கூட்டமைப்பு எல்லாமே ஒரு கோணத்தில் பெரிய வாங்குநர்கள். மருந்து, ஊசி, கொசுவலை, பரிசோதனைக் கிட், குளிர்பதனப் பெட்டி என்று வாங்கிக்கொண்டே இருப்பவர்கள். வாங்குகிற இடத்தில் ஒப்பந்தம் இருக்கும், ஒப்பந்தம் இருக்கிற இடத்தில் அதை எழுதிய ஒருவர் இருப்பார்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. வேடசந்தூரிலிருந்து நான்குவழிச் சாலையில் வடக்கே போனால் கரூர். மருந்து கலந்த நீடித்த கொசுவலைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் முன்தகுதிப் பட்டியலில் கரூர்க் கம்பெனிகளின் வலைகளும் உண்டு: டியூராநெட், மேக்நெட் போன்றவை. பருத்தி நூலில் நெய்வதில்லை. பாலிஎதிலீன் இழைக்குள்ளேயே பூச்சிமருந்தைச் சேர்த்துவிடுகிறார்கள். இருபது முறை துவைத்தாலும் கொசுவைக் கொல்லும் திறன் நிற்க வேண்டும் என்பது கணக்கு. அந்த வலை போர்வையாகப் போவது பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் உறங்கும் குழந்தைகளின் மேல்.

இந்தக் கொள்முதலில் வக்கீல் எழுதும் வரிகளைப் பார்த்தால், மேலோட்டமாக நம் மில் முதலாளிகள் கையெழுத்துப் போடுகிற பர்ச்சேஸ் ஆர்டர் மாதிரிதான் இருக்கும். சரக்கு எந்த இடத்தில் கைமாறுகிறது? லாரி கரூர் கேட்டைத் தாண்டும்போதா, தூத்துக்குடியில் கப்பல் கம்பெனியின் ஆளிடம் கொடுக்கும்போதா? வழியில் திண்டுக்கல் பைபாஸில் லாரி கவிழ்ந்தால் நஷ்டம் யாருக்கு? சரக்கை ஏற்றுவதற்கு முன்னால் பரிசோதகர் வந்து மாதிரி எடுப்பாரா? தாமதமானால் வாரத்துக்கு எத்தனை சதவீதம் பிடித்தம்?

வித்தியாசம் அந்தக் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. சாதாரண வியாபாரத்தில் தாமதத்துக்குப் பணம் பரிகாரம். தீபாவளிக்கு வரவேண்டிய சேலை கார்த்திகைக்கு வந்தால் தள்ளுபடி விலையில் விற்றுவிடலாம். வலை மழைக்கு முன் வந்து சேர வேண்டும். மழை முடிந்து வந்த வலைக்குப் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டால், அந்த மழைக்காலத்து மலேரியாக் காய்ச்சல் திரும்பிப் போகுமா? வழக்கில் ஜெயிப்பது இங்கே பாதித் தோல்வி. அதனால் இந்தத் துறையில் கெட்டிக்கார வக்கீல் இழப்பீட்டுச் சரத்தைவிட, அதற்கு முன்னால் வரும் சரத்துகளில் கவனமாக இருப்பார்: ஆர்டரை ஒரே ஆளிடம் கொடுக்காமல் பிரித்துக் கொடுப்பது, சரக்கைத் தவணை தவணையாகப் பெறுவது, மூலப்பொருள் தட்டுப்பாடு தெரிந்த அன்றே சப்ளையர் வாய் திறக்க வேண்டும் என்று எழுதுவது. நம் சட்டக் கல்லூரிகளில் 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74 பிரிவுகளை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். முழுக் கொள்முதல் ஒப்பந்தம் ஒன்றைக் கையில் கொடுத்து 'இதில் எங்கே ஓட்டை?' என்று கேட்டால் எத்தனை பேர் காட்டுவார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

தகராறு வந்தால் என்ன ஆகும்? திண்டுக்கல் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. ஐ.நா. அமைப்புகளுக்கு நீதிமன்ற விலக்கு உண்டு. 1946-ஆம் ஆண்டு உடன்படிக்கையை ஏற்று இந்தியா 1947-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறது. அதே உடன்படிக்கை, தனியாரோடு வரும் ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்க ஐ.நா. வேறு வழி செய்து தர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த வழிதான் நடுவர் மன்றம். எந்த நாட்டுச் சட்டப்படி தீர்ப்பு என்று ஐ.நா.வின் பொது நிபந்தனைகள் குறிப்பிடுவதில்லை; சர்வதேச வணிகச் சட்டத்தின் பொதுக் கோட்பாடுகள் என்று மட்டும் இருக்கும். தண்டனையாக இழப்பீடு விதிக்க நடுவருக்கு அதிகாரம் கிடையாது. பெரிய மருந்துக் கம்பெனி இதைத் தாங்கும். நடுத்தர சப்ளையருக்கு வெளிநாட்டு நடுவர் மன்றத்தின் செலவே, கேட்கும் பாக்கியைவிட அதிகமாகிவிடக்கூடும். ஏழைகளுக்காக இயங்கும் அமைப்பு சிறு வியாபாரியிடம் இவ்வளவு கவசம் போட்டுக்கொண்டு நிற்பது எனக்கு ஒப்பவில்லை. கவசம் இல்லாவிட்டால் ஒவ்வொரு ஊர்க் கோர்ட்டிலும் தடையாணை வாங்கித் தடுப்பூசியை நிறுத்திவிடுவார்கள் என்பதும் உண்மைதான்.

காவியும் குளோபல் ஃபண்டும் ஐ.நா. உறுப்புகள் அல்ல, சுவிஸ் சட்டப்படி அமைந்தவை. காவியின் கதை ஒன்று இந்தத் தொழிலின் ஆழத்தைக் காட்டும். கோவிட் காலத்தில் அமெரிக்காவின் நோவாவாக்ஸ் கம்பெனியிடம் 35 கோடி டோஸுக்கு ஒப்பந்தம் போட்டு, சுமார் 70 கோடி டாலர் முன்பணம் கொடுத்தது காவி. உலக சுகாதார நிறுவனத்தின் அவசர அனுமதி 2021 டிசம்பரில்தான் கிடைத்தது. அதற்குள் உலகம் வேறு தடுப்பூசிகளைப் போட்டுக்கொண்டுவிட்டது. காவி கேட்டது மிகச் சொற்பம். சொன்னபடி வாங்கவில்லை என்று கூறி 2022 நவம்பரில் நோவாவாக்ஸ் ஒப்பந்தத்தை முறித்தது. முன்பணத்தைத் திருப்பித் தா என்று 2023 ஜனவரியில் காவி சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. 2024 பிப்ரவரியில் விசாரணைக்கு முன்பே சமரசம்: உடனே 7.5 கோடி டாலர், பிறகு 2028 வரை ஆண்டுக்கு 8 கோடி டாலர், காவி தடுப்பூசி வாங்கினால் அதில் கழிவு. முழுத் தொகையும் ரொக்கமாகத் திரும்பாது. தொற்றுநோய் நடுவே, இன்னும் அனுமதி பெறாத மருந்துக்குப் பணம் கட்டத் துணிந்தவர்களை இன்று உட்கார்ந்துகொண்டு குறை சொல்வது சுலபம்.

அதே 2021-ல், மார்ச் மாதம், இரண்டாம் அலை தொடங்கியபோது இந்தியா தடுப்பூசி ஏற்றுமதியை நிறுத்தியது. புனே சீரம் நிறுவனத்தை நம்பியிருந்த ஏழை நாடுகள் மாதக்கணக்கில் காத்திருந்தன. 'அரசு தடுத்தால் சப்ளையர் பொறுப்பல்ல' என்பது ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்காமல் தாண்டும் வரி. அந்த வருடம் எல்லோரும் அதைப் படித்தார்கள்.

ஒழுங்காக எழுதிய ஒப்பந்தம் என்ன செய்யும் என்பதற்கும் சாட்சி உண்டு. நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி. தடுப்பூசி ஏழை நாடுகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. இத்தாலி, பிரிட்டன், கனடா, நார்வே, ரஷ்யா ஆகிய நாடுகளும் கேட்ஸ் அறக்கட்டளையும் 150 கோடி டாலரை ஒதுக்கி, 'தரமாகச் செய்து குறைந்த விலைக்கு நீண்டகாலம் தருவதாக உறுதி சொல், ஆரம்ப டோஸ்களுக்கு மேல்பணம் தருகிறோம்' என்று 2009-ல் சட்டப்படி எழுதிக் கொடுத்தன. நீண்டகால விலைக்கு உச்சவரம்பு டோஸுக்கு மூன்றரை டாலர். 2020-ல் சீரம் நிறுவனமும் இந்த ஏற்பாட்டில் சேர, அதன் ஊசியின் விலை இரண்டு டாலருக்கு இறங்கியது. தமிழ்நாட்டில் 2021 முதல் இந்த ஊசி இலவசம். எரியோட்டுத் துணை சுகாதார நிலையத்தில் ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று கிராம சுகாதாரச் செவிலியர் அட்டையில் குறித்துக் கொடுக்கிறார்.

இந்த வேலைக்குப் போக விரும்பும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நேராக ஜெனீவாவுக்கு டிக்கெட் போட முடியாது. சட்டத்தில் மேற்படிப்பும், சில வருடமாவது கொள்முதல், உரிமம், ஏற்றுமதி ஒப்பந்தங்களில் கைபழகிய அனுபவமும் கேட்பார்கள். பிரெஞ்சு தெரிந்தால் நல்லது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வாதாடுகிற தொண்டை இங்கே பெரிதாகப் பயன்படாது. மில்லுக்கும் பஞ்சு வியாபாரிக்கும் நடுவே உள்ள பேச்சைக் காகிதத்தில் பிசகில்லாமல் எழுதத் தெரிந்தவருக்கு அது பாதித் தகுதி.

சமீபத்தில் இந்த வக்கீல்களின் மேசைகளில் முறிக்கிற வேலை கூடியது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி, நடந்துகொண்டிருந்த ஒப்பந்தங்களுக்கு 'வேலையை நிறுத்து' உத்தரவு அனுப்பியது. ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்காவது பணம் கொடு என்று கீழ்நீதிமன்றம் சொன்னதைத் தள்ளிவைக்க, மார்ச் 5-ஆம் தேதி ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. வாங்குபவர் தன் வசதிக்கு எப்போது வேண்டுமானாலும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்ற சரத்தை இதுவரை சப்ளையர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றார்கள். இனி பேரம் பேச வேண்டியது அங்கேதான்: நெய்து முடித்த வலைக்குக் கிட்டங்கி வாடகை யார் தருவது, உதவி செய்த நாட்டின் சின்னம் அச்சிட்ட பையிலிருந்து எடுத்து வேறு பையில் போட்டு அடுத்தவருக்கு விற்கலாமா, விற்றால் வித்தியாசத் தொகை யார் கணக்கில்.